நீ துடைத்துவிட்ட வெள்ளைப் புள்ளி

பிள்ளை,

நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்பது எனக்குத் தெரியும். நல்லது, மெதுவாகவே வாசி. வாயால் சொல்லலாம் என்று இரண்டு தரம் முயன்று பார்த்தேன். நான் சத்தம் போட, நீ பாதியில் ஆங்கிலத்துக்கு மாற, நான் தொலைபேசியை வைக்க, அதோடு முடிந்தது. கடிதத்தில் நீ இடையில் மறித்துப் பேச முடியாது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லாதே. இதை எங்கள் முதியோர் சங்கத்து ஆண்டு மலருக்கும் கொடுக்கப்போகிறேன். பெயர் போட மாட்டேன். புதன்கிழமைகளில் சங்க மண்டபத்தில் வந்து உட்காரும் ஒவ்வொருவருக்கும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டொக்டர் சொல்வதைத் தமிழில் சொல்ல ஒரு பிள்ளை இருக்கிறது. அவர்களும் வாசிக்கட்டும். நான் கோபமாக இருக்கிறேன். ஒன்பது நாளாகியும் அது இறங்கவில்லை.

உன் பட்டத்துக்கான உரை அன்று நான் எவ்வளவு பெருமையோடு வந்தேன் தெரியுமா? முதல் நாளே எண்பது மட்டன் ரோல்ஸ் செய்து, இரண்டு பெரிய தட்டில் அடுக்கி, மல்வேர்ன் வீட்டிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி மாறி நானே தூக்கிக்கொண்டு வந்தேன். அண்ணாவுக்கு வேலை, உனக்குப் பதற்றம், யாரையும் கரைச்சல்படுத்தக் கூடாது என்று நினைத்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் உன்னோடு ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் அந்தச் சென்னைப் பிள்ளை. நல்ல பிள்ளை, நீ பேசப் பேச எனக்குக் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தான். இரத்தக் குழாய் எப்படி விரிந்து சுருங்குகிறது, அதன் சுவர் எவ்வளவு இழுவையைத் தாங்கும், அதைக் கணக்குச் சமன்பாடுகளாக எழுதி கணினிக்குள் ஒரு குழாயைக் கட்டி, அது எங்கே கிழியும் என்று கிழியும் முன்பே எப்படிச் சொல்லலாம் என்பதெல்லாம் சொன்னான். என் பிள்ளை இதையா இத்தனை வருடம் செய்தது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பிறகு நீ அந்த ஸ்கான் படத்தைப் போட்டாய். முதுகெலும்பு, அதற்கு முன்னால் வயிற்றுக்குள் இறங்கும் பெருநாடி, அது ஒரு இடத்தில் உப்பி நிற்கிறது. எலும்புக்கு இடப்பக்கமாக ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. வெட்டிப்போட்ட நகத்துண்டு மாதிரி வளைந்து, சுற்றிவரக் கதிர் விட்டுக்கொண்டு. நீ பிறக்க முன்னமே எனக்கு அதைத் தெரியும். உன் அண்ணாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியபோது என் முதுகில் ஏறிய ஷெல் துண்டு அது. எடுக்கப் போனால் நரம்பு போய்விடும் என்று யாழ்ப்பாணத்து டொக்டர்மார் உள்ளேயே விட்டுவிட்டார்கள். கனடாவுக்கு வருவதற்கு எக்ஸ்ரே எடுத்தபோது அதைப் பற்றிக் கேட்டார்கள். குடும்ப டொக்டர் கேட்டார். அது உள்ளே கிடப்பதால்தான் எனக்கு எம்.ஆர்.ஐ எடுக்க மாட்டோம் என்றார்கள். எத்தனை வெளிச்சப் பெட்டியில் அதை நான் பார்த்திருக்கிறேன். என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துச் சந்தேகப்பட்டாலும் அந்தத் துண்டைப் பார்த்துச் சந்தேகப்பட மாட்டேன்.

அடுத்த படத்தில் அது இல்லை. எலும்பும் இல்லை. நீலமும் பச்சையுமாக ஒரு குழாய் மட்டும் தனியே நின்றது, அதன் வயிற்றில் ஒரு இடம் சிவப்பாக. முன் வரிசையில் இருந்த பேராசிரியர் ஒருவர் அந்த வெள்ளைப் புள்ளி என்ன என்று கேட்டார். அது ஏதோ உலோகம், சுவரோடு சம்பந்தம் இல்லை, ஆகவே துடைத்துவிட்டோம் என்று நீ தயங்காமல் சொன்னாய். நல்லது மகளே. யாழ்ப்பாணத்து டொக்டர்மாரால் எடுக்க முடியாததை நீ விரலால் ஒரு தட்டுத் தட்டி எடுத்துவிட்டாய்.

நான் அந்தச் சென்னைப் பிள்ளையின் பக்கம் சரிந்தேன்.

“தம்பி, உது ஆற்றை படம்?”

“யாரோ ஒரு பேஷன்ட் ஆன்ட்டி. பேரெல்லாம் எங்களுக்கே தெரியாது, நம்பர்தான் இருக்கும்.”

“அந்தச் சிவப்பு?”

“அங்கதான் சுவர் ரொம்ப இழுபடுது. கிழிஞ்சா அந்த இடத்துலதான் கிழியும்.” பாவம், தானாகவே இன்னொன்றும் சொன்னான். “இந்த ஒரு கேஸை மட்டும் அவங்க திரும்பத் திரும்ப ஓட்டினாங்க ஆன்ட்டி. வாரக்கணக்கா லேபை விட்டே போகல. ஏன்னுதான் எங்க யாருக்கும் புரியல.”

எனக்குப் புரிந்தது. கடைசியில் நீ நன்றி சொல்லும் படத்தைப் போட்டாய். இலாஸ்ரிக் என்றால் என்ன என்று உனக்கு முதலில் காட்டித் தந்தது உன் அம்மாதான் என்று சொல்லி, கையை நீட்டி என்னைக் காட்டினாய். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன், சிரித்தேன், பிறகு ரோல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவருக்கும் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றார்கள். என் வயிற்றுக்குள் இருப்பதை இத்தனை பேர் பெரிய திரையில் பார்த்துவிட்டு என் கையால் ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டார்கள். அவர்கள் யாருக்கும் அது நான் என்று தெரியாது. உனக்குத் தெரியும். நீயும் ஒன்று எடுத்தாய்.

உன் காரில் திரும்பி வரும்போது, நாலு பூச்சியம் ஒன்று நெடுஞ்சாலையில் ஏறியதும் கேட்டேன். “உது என்ரை வயிறுதானே?” நீ றேடியோவைப் போட்டாய். பிறகு, “அம்மா, இற்ஸ் ஜஸ்ற் எ மொடல்” என்றாய். அது வெறும் மாதிரியாம். எனக்கு ஆங்கிலம் வாயில் வராது, டொக்டர்மார் பேச்சும் விளங்காது, ஆனால் இந்த அளவு காதில் ஏறும். முப்பது வருடம் இந்த ஊரில் வேலை செய்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நீ ஒளிந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக உன்னிடமிருந்து பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. இலையுதிர் காலத்தில் வயிற்று நோவுக்கு ஸ்கான் எடுத்து, அந்த இரத்தக்குழாய் டொக்டரிடம் போனோமே. அவர் என் முகத்தைப் பார்த்து நிறைய நேரம் பேசினார், கையால் அளவெல்லாம் காட்டினார். நீ திரும்பி இரண்டு வரியில் முடித்தாய். “ஒண்டும் பயமில்லையாம். வயசுக்கு வாற தடிப்பாம். ஆறு மாசத்தாலை திரும்பப் பாப்பினமாம்.” அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். “ஓம், நன்றி எண்டு சொல்லு” என்றேன். அவர் உண்மையில் சொன்னது, வீக்கம் வெட்டலாமா விடலாமா என்ற எல்லையில் நிற்கிறது, இப்போதே சத்திரசிகிச்சை செய்யலாம், பொறுத்தும் பார்க்கலாம், அம்மாவுக்கு எது விருப்பம் என்று கேள் என்பது. என் நன்றியை நீ, ‘அம்மா பொறுத்துப் பார்க்க விரும்புகிறா’ என்று மாற்றிக் கொடுத்துவிட்டாய். என் உடம்பைப் பற்றிய முடிவு ஒன்று என் முன்னாலேயே, என் வாயால் சொன்னதாக, எனக்குத் தெரியாமல் எடுக்கப்பட்டது.

அது போதாதென்று ஒரு தாளை என் அடுப்படி மேசையில் வைத்து, “எங்கடை ஆராய்ச்சிக்கு அம்மா, ஒரு கையெழுத்து” என்றாய். வாசிக்காமல் வைத்தேன். நீ நீட்டினால் வெறும் தாளிலும் கையெழுத்து வைத்திருப்பேன். படத்தைக் கணினியில் போட்டாய், சிவப்பு வந்தது. நீ நம்பவில்லை, திரும்பப் போட்டாய், பிறகும் வந்தது. இரவு பகலாக என் வயிற்றின் படத்துக்கு முன்னால் குந்தியிருந்திருக்கிறாய். அந்த வாரங்களில் ஒரு நாள் சாப்பிட வா என்று எத்தனை தரம் கேட்டேன்? வேலை அம்மா, வேலை அம்மா என்றாய். பிறகு அண்ணாவுக்குச் சொன்னாய். அண்ணிக்குச் சொன்னாய். டொக்டருக்கு எழுதினாய், அவரும் முந்தி வரச் சொன்னார். இந்த ரொறன்ரோவில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

அண்ணாவின் பிள்ளையைத் திடீரென்று டேகெயாரில் விட்டார்களே, நினைவிருக்கிறதா? இரண்டு வருடமாக நான்தான் அஜக்ஸுக்கு ரயிலில் போய்ப் பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, இனி வரத் தேவையில்லை அம்மா, அவன் மற்றப் பிள்ளைகளோடு பழகட்டும் என்றார்கள். நான் என்ன பிழை செய்தேன் என்று ஒரு மாதம் யோசித்தேன். சாப்பாட்டில் உறைப்புக் கூடிவிட்டதோ, அவன் விழுந்ததை நான் கவனிக்கவில்லையோ, என் தமிழைக் கேட்டு அவன் ஆங்கிலம் பேசாமல் விட்டானோ. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அண்ணி அரிசி மூட்டையை என் கையிலிருந்து பறித்து, “விடுங்கோ மாமி, நான் தூக்கிறன்” என்றபோது, இந்தப் பெண்ணுக்கு என் மேல் இத்தனை பாசம் எங்கிருந்து முளைத்தது என்று வியந்தேன். பாசம் இல்லை, நான் அவர்கள் வீட்டில் வெடித்துவிடுவேன் என்ற பயம். அந்தப் பயம் பிழை இல்லை. பிள்ளையோடு தனியே இருக்கும்போது எனக்கு ஏதும் நடந்திருந்தால்? அவர்களின் இடத்தில் நானும் அதையே செய்திருப்பேன். ஆனால் காரணத்தைச் சொல்லிவிட்டுச் செய்திருப்பேன்.

உன் நியாயத்தைக் காரில் சொன்னாய். “சொன்னா நீங்கள் பயப்பிடுவியள். பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினா உது இன்னும் வீங்கும் அம்மா.” கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது, படித்த பிள்ளையின் நியாயம். இப்போது நான் கேட்கிறேன், பதில் சொல். உன் மாதிரியில் இரத்த அழுத்தம் இருந்தது. அரிசி மூட்டை இருந்ததா? அண்ணி பக்கத்தில் இல்லாத நாட்களில் நான் தூக்கிய மூட்டை. லிப்ற் பழுதான அன்று ஆறு மாடி ஏறிய படி. எண்பது ரோல்ஸ். தெரிந்திருந்தால் இதில் ஒன்றையும் செய்திருக்க மாட்டேன். சொன்னால் ஏறும் அழுத்தத்தைக் கணக்குப் போட்டாய். சொல்லாமல் விட்டதால் ஏறியதை யார் கணக்குப் போடுவது?

இன்னொன்று. அன்று உரையில் குழாய்ச் சுவரின் தடிப்பைப் பற்றி உன்னைக் கேட்டார்கள் அல்லவா? ஸ்கானில் சுவரின் தடிப்பு வடிவாகத் தெரியாது, ஆகவே எல்லா இடமும் ஒரே தடிப்பு என்று வைத்துக்கொண்டோம், இழுவைக்கு வேறு நோயாளிகளிடமிருந்து எடுத்த சராசரியைப் போட்டோம் என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது, அந்த நேரத்திலும். ஆஸ்பத்திரிக்காரர் போடும் காற்சட்டைக்குப் பத்தொன்பது வருடம் இலாஸ்ரிக் தைத்தவள் நான். ஒவ்வொரு சுருளிலும் ஒரே தடிப்பு, ஒரே இழுவை என்றுதான் சீட்டு ஒட்டியிருக்கும். சுப்பவைசரும் அதைத்தான் நம்புவான். நான் நம்புவதில்லை. சாண் சாணாக இழுத்து விட்டுப் பார்ப்பேன். இழுத்ததும் வருவது பெரிதில்லை, விட்டதும் முழுதாகத் திரும்ப வருகிறதா என்பதுதான் விஷயம். திரும்பி வராத சாண் எங்கோ ஒன்று இருக்கும், விரல் அதைக் கண்டுபிடித்துவிடும். நீ இந்தப் படிப்பைத் தொடங்கியபோது என் பழைய பாவாடையின் நாடாவை உருவி உனக்குக் காட்டித் தந்தது அதைத்தான். நீயும் குறிப்பெடுத்தாய். அதைக் கற்றுத் தந்தவளுக்கு இது விளங்காது என்று எப்படி நினைத்தாய்? அம்மா, இந்த இடம் மெலிந்திருக்கிறது, ஆனால் எனக்கு நிச்சயமில்லை, நான் போட்ட தடிப்பு பிழையாகவும் இருக்கலாம் என்று நீ சொல்லியிருந்தால், அந்தப் பேராசிரியர்களை விட எனக்குத்தான் நன்றாக விளங்கியிருக்கும்.

இனி எழுதப்போவது எனக்கு இலேசானதில்லை. மூன்று நாள் இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு எழுந்து போனேன்.

நீ இதை எங்கே பழகினாய் என்று எனக்குத் தெரியும். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று உனக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தால் மறித்துக் கூட்டிவந்தோம், புத்தகப் பை தோளில். அவர் உடுப்பு மாற்றப் போனபோது வயிற்றில் புற்று, சாவு தூரத்தில் இல்லை என்று டொக்டர் வெளியே வைத்து உனக்குச் சொன்னார், நீ எனக்குச் சொன்னாய். நான் உன் கையை இறுக்கிப் பிடித்தேன். “அப்பாவுக்குச் சொல்லாதை. வயித்திலை புண் எண்டு மட்டும் சொல்லு.” உள்ளே போனோம். டொக்டர் எல்லாவற்றையும் திரும்ப நீட்டிச் சொன்னார், நீ புண் என்றாய். அப்பா நிம்மதியாகச் சிரித்து, “எப்ப வேலைக்குப் போகலாம் எண்டு கேள் பிள்ளை” என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் நிலத்தைப் பார்த்தேன். நீ டொக்டரிடம் ஏதோ கேட்டாய். அவர் உன்னைப் பார்த்த பார்வை இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. அன்று நீ அவரிடம் என்ன கேட்டாய் என்று இந்தப் பதினேழு வருடத்தில் நான் உன்னிடம் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு இருந்த நல்ல நாட்களை அப்பா பாரவண்டி லைசென்ஸுக்குப் படித்துச் செலவழித்தார். நீதான் கேள்வி கேட்டுப் பாடமாக்கினாய். பாரிஸில் இருந்த தன் தங்கச்சியோடு எங்கள் கலியாணத்தின்போது வந்த சண்டையில் கதைக்காமல் விட்டவர். சுகம் வந்ததும் நேரிலே போய்ச் சமாதானம் பேசுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஓம், சுகம் வரட்டும் என்றேன். அவள் விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது அவருக்குப் பேச்சு இல்லை. நினைவு தவற முந்தின நாள், நீ கன்ரீனுக்குப் போயிருந்த நேரம், அவர் என் பக்கம் திரும்பி, “நீ எனக்குச் சொல்லியிருக்கலாம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவருக்கு எப்போது தெரிந்தது, எவ்வளவு நாளாகத் தெரிந்துகொண்டு எங்களுக்காக நடித்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. இதை உனக்கு நான் சொல்லவே இல்லை. அப்பா ஒன்றும் தெரியாமல் நிம்மதியாகப் போனார் என்றுதான் உன்னிடமும் அண்ணாவிடமும் சொல்லிவைத்தேன். நீங்களும் அதை நம்பி, அம்மாவையும் அப்படியே அனுப்பிவிடலாம் என்று நினைத்துவிட்டீர்கள்.

ஆகவே என் கோபத்தில் பாதி எனக்கு. ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் வாயில் அந்தப் பொய்யை வைத்தவள் நான்தான், அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மற்றப் பாதி உனக்கே, அதைக் குறைக்க மாட்டேன். உனக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. அன்று உன் கையை நான் பிடித்திருந்தேன். இந்தத் தரம் யாரும் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அந்த இரத்தக்குழாய் டொக்டரிடம் போக வேண்டும். முந்தாநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, நாங்களே ஒழுங்கு செய்து தருகிறோம் என்று கேட்டாள். ஓம் என்றுதான் முதலில் சொன்னேன், உனக்கு ஒரு பாடம் படிப்பிக்க. பிறகு ஒரு மணி நேரம் கழித்து அண்ணாவைக் கொண்டு திரும்ப அழைப்பித்து, வேண்டாம், என் மகள் வருவாள் என்று சொல்லச் சொன்னேன்.

வெட்டுவதா விடுவதா என்று நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. கேட்க வேண்டியவற்றை எழுதி வைத்திருக்கிறேன். வெட்டினால் எழும்புவேனா, எழும்பினால் பஸ் ஏறுவேனா, விட்டால் எப்படி வரும், வரும்போது தெரியுமா, பேரனைப் பிறகு தனியே வைத்திருக்கலாமா. உன் படத்தையும் கொண்டு வா. அதில் அந்த ஷெல் துண்டைத் திரும்ப வைத்துக் கொண்டு வா. உன் கணக்குக்கு அது தேவையில்லாமல் இருக்கலாம், ஆனால் நான் அதோடுதான் இத்தனை வருடம் நடந்தேன், அது இல்லாத படத்தை என் படம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். மெலிந்த இடத்தை எனக்கு விரலால் தொட்டுக் காட்டு. டொக்டர் ஒரு வரி சொன்னால் நீ எனக்கு ஒரு வரி சொல். பத்து வரி சொன்னால் பத்து வரி. நான் சொல்வதையும் அப்படியே அவரிடம் கொடு. நன்றி என்றால் நன்றி, வேண்டாம் என்றால் வேண்டாம். உனக்குக் குரல் அடைத்தால் நிறுத்து, நான் தண்ணீர்ப் போத்தல் கொண்டு வருவேன், குடி. நான் பார்த்துக்கொண்டிருப்பேன், இந்தத் தரம் நிலத்தைப் பார்க்க மாட்டேன். பிறகு, சாவு என்று அன்று அப்பாவுக்கு நான் சொல்ல விடாத சொல்லை எடுத்து எனக்குச் சொல்.

எட்டரைக்குக் கீழே வாசலில் நிற்பேன். பிந்தாமல் வா.

அம்மா